ஆயிரத்து இருநூறு கன அடி

ஆகஸ்ட் 4

என் கரைமணி செயலியைப் போனில் வைத்திருப்பவர்கள் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். காலையில் காபி ஆற்றிக்கொண்டே பார்த்தேன். பாலிடெக்னிக்கில் பதினான்கு வருஷமாகக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். மங்கையர்க்கரசி என்றால் அடுத்த தெருவில் யாருக்கும் தெரியாது. 'மணி மேடம் வீடு' என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறார்.

காரியம் ஒன்றும் பெரிதில்லை. மேலே நாற்பது கிலோமீட்டரில் அணை இருக்கிறது. அங்கே திறக்கும் தண்ணீர் எங்கள் ஊர் மணலைத் தொட நான்கு மணி நேரம் ஆகும். எவ்வளவு திறக்கிறார்கள் என்று அளக்கும் கருவிகளை ஒரு கம்பெனி அங்கே பொருத்தியிருக்கிறது. கால் மணிக்கு ஒருமுறை அந்த அளவு அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஏறும். என் செயலி அந்தப் பக்கத்தைப் படித்து, எண்ணை எடுத்து, இங்கே உள்ளவர்களின் போனில் போடும். இரண்டாயிரம் கன அடிக்குள் இருந்தால் பச்சை. எட்டாயிரம் வரை மஞ்சள். அதற்கு மேல் சிவப்பு, மணியும் அடிக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, சொல்லாமல் கொள்ளாமல் வந்த தண்ணீரில் சலவைத்துறை மணலில் காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் போயிற்று. ஆஸ்பத்திரிப் போர்வைகள், கல்யாண மண்டபத்து ஜமக்காளங்கள். துறையில் மூத்தவரான வைரக்கண்ணு அண்ணன் கரையில் உட்கார்ந்து அழுததைப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். அந்த வாரமே செயலியை எழுத ஆரம்பித்தேன். அவர்களுக்காக எழுதியதுதான்.

கம்பெனியில் சூசைராஜ் என்று ஒரு இன்ஜினியர் இருக்கிறார். முதல் மாதத்திலேயே அவர் கண்டுபிடித்துப் போன் செய்தார். "எங்க பக்கத்தை உங்க ஆப் படிக்குது, தெரியும் மேடம். நல்ல காரியம், எடுத்துக்குங்க. எழுத்துல மட்டும் அனுமதி கேட்டுடாதீங்க. கேட்டா மேல போகும். மேல போனா இல்லைன்னுதான் வரும்."

நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15

நகராட்சிக் கொடியேற்று விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். பாலிடெக்னிக் முதல்வர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். கீழே இறங்கியதும் ஒரு பத்திரிகைக்காரர், "இந்த அளவெல்லாம் உங்களுக்கு யார் மேடம் தர்றாங்க?" என்று கேட்டார்.

"அதுக்கு ஏற்பாடு இருக்கு" என்றேன்.

மிக்ஸி ஜாடி அடியில் ஒழுகுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 28

சூசைராஜ் கம்பெனியை விட்டுப் போகிறாராம். ஓமனில் வேலை. "புதுசா வர்றவங்களுக்கு உங்களைப் பத்தி எதுவும் தெரியாது மேடம். இப்பவாவது ஒரு லெட்டர் போட்டு முறையா வாங்கிக்குங்க" என்றார். நீங்கள்தானே கேட்க வேண்டாம் என்றீர்கள் என்றேன். "நான் இருந்தவரைக்கும் அது சரி" என்றார்.

கடிதம் எழுத வேண்டும். தேர்வுத்தாள்கள் நூற்றுப்பத்து கிடக்கின்றன.

செப்டம்பர் 3

கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. நீளமாக இருந்தது. பிறகு படிக்கலாம்.

செப்டம்பர் 9

காலை ஏழிலிருந்து பத்து வரை கம்பெனியின் பக்கம் திறக்கவில்லை. என் செயலியில் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான், எழுபது போன். வகுப்புக்குப் போகவிடாமல் அடித்தார்கள். "மேடம், மணி செத்துப்போச்சா?" "மேடம், துணிய விரிக்கலாமா வேணாமா?" முதல்வர் வராந்தாவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் உட்கார்ந்து சரிசெய்தேன். இனி எண் வராவிட்டால் திரை காலியாகாது. கடைசியாக வந்த எண்ணே நிற்கும். கீழே சின்ன எழுத்தில் 'இத்தனை மணிக்கு எடுத்தது' என்று ஒரு வரி இருந்தது. நேரம் பழசாக இருக்கிறதே என்று அதற்கும் போன் செய்வார்கள். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

மாலையில் போன் எதுவும் வரவில்லை. நிம்மதியாகச் சப்பாத்தி போட்டேன்.

செப்டம்பர் 14

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். மின்வாரியத்தில் லைன்மேன். இன்று பக்கத்து செக்‌ஷனில் ஒருவருக்குக் கை கருகிவிட்டதாம். சுவிட்சை இறக்கியாயிற்று என்று போனில் சொன்னதை நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கிறார்.

"இருவத்திரெண்டு வருஷ சர்வீசு. லைன்ல கரண்ட் இல்லைன்னு எவன் சொன்னாலும் நம்பக்கூடாது, எர்த் போட்டு நாமளே பாத்துட்டுத்தான் கையை வைக்கணும். இது அவருக்குத் தெரியாதா அரசி?" என்றார்.

ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பாவம், அவசரம்" என்றேன்.

"அவசரம் இல்ல. பழக்கம். நூறு தடவ சரியா இருந்துருக்கும்."

சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

செப்டம்பர் 22

வாத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். குறுவை அறுவடை முடிந்த வயல்களில் மேய்க்க ஒவ்வொரு வருஷமும் விழுப்புரம் பக்கத்திலிருந்து வருவார்கள். வெயில் ஏறும்வரை வயல், மற்ற நேரம் ஆற்று நடுவில் இருக்கும் மணல்திட்டு. அங்கே வலை கட்டிப் பட்டி போட்டுவிட்டால் நாய், நரித் தொல்லை இல்லை.

கன்னியப்பனும் அவர் மனைவி அஞ்சலாட்சியும் வீட்டுக்கு வந்தார்கள். போன வருஷம் அவர் போனில் கரைமணியைப் போட்டுக் கொடுத்தது நான்தான். இந்த வருஷம் போன் மாற்றியிருக்கிறார். திரும்பப் போட்டுக் கொடுத்தேன். ஒரு கூடை முட்டை கொண்டுவந்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

கன்னியப்பனுக்கு ஐம்பது வயது இருக்கும். எப்போதும் சிரித்த முகம். எழுதப் படிக்கத் தெரியாது. "எழுத்து எதுக்கும்மா? பச்சையா சேப்பான்னு கண்ணுக்குத் தெரியுது, போதும்" என்பார்.

அஞ்சலாட்சி அப்படியில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். "இந்தப் போனுக்கு ஆத்துத் தண்ணி எப்டிம்மா தெரியும்?" என்றாள். அணையில் கருவி இருக்கிறது, அது சொல்லும் என்றேன்.

"அது உன்துதா?"

"இல்ல, ஒரு கம்பெனியோடது."

"அவங்க சொல்லலைன்னா?"

கன்னியப்பன் சிரித்துவிட்டார். "அவ அப்டித்தாம்மா, வர்ற வழில லாரிக்காரன் லைசென்சையே கேட்டா" என்றார். நானும் சிரித்தேன். பிறகு முட்டையை எப்படி அவித்தால் வாடை வராது என்று அஞ்சலாட்சி சொல்லிக்கொடுத்தாள்.

அக்டோபர் 1

கம்பெனியின் அந்த மெயில் சொல்வதை எழுதிவைக்கிறேன்.

அனுமதியில்லாமல் அவர்களுடைய தகவலை எடுத்து வெளியிடுகிறேன். அதன் துல்லியத்துக்கும் தொடர்ச்சிக்கும் அவர்கள் பொறுப்பில்லை. உயிர்ப் பாதுகாப்புக்கு அதை நம்பும்படி மக்களிடம் சொல்வது ஆபத்தானது. அக்டோபர் 15 மாலையோடு வெளியார் படிக்க முடியாதபடி பக்கம் மூடப்படும். அதற்குள் பயனாளர்களுக்கு நான் தெரிவித்துவிட வேண்டும். முறைப்படி வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்கு மூன்று மாதம் ஆகும்.

மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். படித்தது செப்டம்பர் மூன்றாம் தேதியே. பிறகு படிக்கலாம் என்று அன்று எழுதியிருக்கிறேன். இல்லை, அப்போதே படித்துவிட்டேன்.

இன்று பதில் போட்டேன். மழைக்காலம் முடியும்வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 8

பதில் இல்லை. கம்பெனியில் போனை எடுத்த பெண், "உங்க மெயில் வந்திருக்கு மேடம், முடிவு மேலதான்" என்றாள்.

எல்லோருக்கும் அனுப்ப ஓர் அறிவிப்பு எழுதிவைத்தேன்: '15ஆம் தேதிக்குப் பிறகு கரைமணியை நம்ப வேண்டாம்.' படித்துப் பார்த்தால் ஏதோ நானே என்னைக் காறித் துப்பிக்கொள்வது போல இருந்தது. 18ஆம் தேதி மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டம். கோட்டாட்சியர் வருகிறார், கரைமணியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் அனுப்பினால் நன்றாக இருக்காது. கோட்டாட்சியரிடமே கேட்டால் கம்பெனியில் சொல்லி வழி செய்வார். அதற்குப் பிறகு தேவைப்பட்டால் அனுப்பலாம்.

அக்டோபர் 15

இன்று முழுவதும் எண் வந்தது. மாலை ஐந்தே காலுக்கு ஆயிரத்து இருநூறு. மூடவில்லை. சும்மா மிரட்டியிருக்கிறார்கள்.

அக்டோபர் 16

ஆயிரத்து இருநூறு.

அக்டோபர் 17

ஆயிரத்து இருநூறு. பச்சை. துவைத்த திரைச்சீலைகளை மொட்டைமாடியில் போட்டேன். மேற்கே மேகம் கறுத்துக் கிடக்கிறது. இங்கே ஒரு துளி இல்லை.

அக்டோபர் 18

கூட்டம். கோட்டாட்சியர் அவசர வேலையாக வரவில்லை. நகராட்சி அதிகாரி பேசினார். "போன வருஷம் மைக் வண்டி அஞ்சு விட்டோம். இந்த வருஷம் ரெண்டு போதும். எல்லார் கையிலயும்தான் நம்ம மேடத்தோட மணி இருக்கே!" எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள்.

எழுந்து வணக்கம் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன்.

தேநீரும் சமோசாவும் கொடுத்தார்கள்.

அக்டோபர் 19

ஆயிரத்து இருநூறு. அணையில் மாற்றம் எதுவும் இல்லை போலிருக்கிறது. என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று சர்வரில் பதிவு இருக்கும்; திறந்து பார்த்தால் தெரியும். தலைவலி. நாளை ஞாயிற்றுக்கிழமை, பார்க்கலாம்.

மலையில் நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள்.

அக்டோபர் 20

எழுத முடியவில்லை.

அக்டோபர் 21

நேற்று மத்தியானம் ஒன்றரை மணி. புடவைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வைரக்கண்ணு அண்ணன் போன் செய்தார். "மேடம், ஆறு ஏறுதே. உங்க மணி பச்சையாவே நிக்குதே?"

"எவ்வளவு ஏறியிருக்கு?"

"எவ்வளவா? படிக்கட்டு ரெண்டு முழுகிட்டு மேடம். நாங்க துணிய அள்ளிட்டோம். வாத்துக்காரரு திட்டுல நிக்கிறாரு."

இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று நினைவில்லை. ஸ்கூட்டியில் துறைக்குப் போக ஆறு நிமிஷம். கரை முழுக்க ஜனம். ஆறு செந்நிறமாக, சத்தமே இல்லாமல் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. மணல்திட்டு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீரில் வெள்ளையும் பழுப்புமாக வாத்துகள் கூட்டங்கூட்டமாகக் கீழே போயின. கத்திக்கொண்டே போயின.

அஞ்சலாட்சி அரிசி வாங்கக் கரைக் கடைக்கு வந்திருந்தாள். அதனால் அவள் இருக்கிறாள். படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. கையில் அரிசிப் பை அப்படியே இருந்தது. இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததை வைரக்கண்ணு அண்ணன்தான் சொன்னார். திட்டுக்கும் கரைக்கும் நடுவே கணுக்கால் அளவு ஓடும் வாய்க்காலில்தான் முதலில் தண்ணீர் ஏறியது. திட்டில் இருப்பவருக்கு அது தெரியாது. அவர் பட்டி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இவர்கள் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். "தண்ணி வருது, வந்துரு, வந்துருய்யா!"

"அவரு போனை எடுத்துப் பாத்தாரு மேடம். பாத்துட்டு, கையை ஒசத்தி எங்களுக்குக் காட்டுனாரு. பச்சைதான்னு காட்டுனாரு. சிரிச்சாரு. மழத் தண்ணின்னு நெனச்சுட்டாரு போல. திரும்பி வலையைச் சுருட்டுனாரு. அப்பறம் பத்து நிமிஷங்கூட இல்ல."

மைக் வண்டி மூன்று மணிக்கு வந்தது. அணையில் காலை ஒன்பதரைக்கு முப்பத்தெட்டாயிரம் கன அடி திறந்தார்களாம்.

அக்டோபர் 22

கன்னியப்பன் கிடைத்துவிட்டார். ஏழு கிலோமீட்டர் கீழே, ரயில் பாலத்துத் தூணில். வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அக்டோபர் 24

பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். 'தகவலை நிறுத்திய கம்பெனி, பறிபோன உயிர்.' என் படமும் இருக்கிறது, பொன்னாடையோடு. இலவசமாகச் சேவை செய்த ஆசிரியைக்கு, முன்னறிவிப்பில்லாமல், ஈவிரக்கமில்லாமல் தகவலை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. நிருபர் கேட்டபோது, "பதினஞ்சாம் தேதிக்கு அப்புறம் எண் வரலை" என்று மட்டும் சொன்னேன்.

முதல்வர் போன் செய்து, "தைரியமா இருங்க, காலேஜ் உங்க பக்கம்" என்றார்.

அக்டோபர் 26

தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை. தாசில்தார் நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பதினைந்தாம் தேதி மாலையோடு எண் வருவது நின்றது என்றேன். எழுதிக்கொண்டார்கள். "உங்களால முடிஞ்சத நீங்க பண்ணீங்க மேடம்" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

அக்டோபர் 27

இங்கே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்பெனிக்கு இரண்டு அறை அலுவலகம் ஒன்று இருக்கிறது. நேற்று மாலை கூட்டமாகப் போய்க் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் உள்ளே இருந்திருக்கிறார். பெரியவர். நெற்றியில் ஆறு தையல்.

என் மாணவர்கள் நான்கு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களாம். "உங்களுக்காகத்தான் மேடம்" என்று வந்து சொன்னார்கள். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். போங்கள் என்றேன்.

அக்டோபர் 29

சூசைராஜ் ஓமனிலிருந்து பேசினார். செய்தி பார்த்தாராம். இரண்டு நிமிஷம் பொதுவாகப் பேசிவிட்டு, "மேடம், ஒண்ணு கேக்கணும். எண் வரலைன்னா வரலை. அப்போ அந்த ஆளு போன்ல என்ன தெரிஞ்சுது?" என்றார்.

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 30

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

பதினாறாம் தேதி காலையிலேயே எனக்குத் தெரியும். ஓர் அணையின் அளவு நாளெல்லாம் ஒரே எண்ணில் நிற்காது. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இரண்டு வருஷமாக அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். ஐந்து நாள் ஆயிரத்து இருநூறு நின்றது. சர்வர் பதிவைத் திறந்தால் தெரிந்துவிடும் என்றுதான் திறக்கவில்லை. இருபதாம் தேதிக்குப் பிறகு திறந்து பார்த்தேன். 'பக்கம் மறுக்கப்பட்டது' என்று கால் மணிக்கு ஒருமுறை, நானூற்றுச் சொச்சம் தடவை எழுதியிருக்கிறது.

திரை காலியாக இருந்திருந்தால் கன்னியப்பன் எனக்குப் போன் செய்திருப்பார். அல்லது கரையில் கத்துகிறவர்களின் பேச்சைக் கேட்டிருப்பார். நான் அதைக் காலியாக விடவில்லை.

கம்பெனி எனக்கு நாற்பத்திரண்டு நாள் கொடுத்தது. நான் ஒன்பதாயிரம் பேருக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 31

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து குழாயடிக்குப் போனார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, "அந்தப் பொம்பளைகிட்ட சொன்னியா?" என்றார்.

"இல்ல."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற அப்ப?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 2

அஞ்சலாட்சி இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். உடலை எடுத்துக்கொண்டு போய்க் காரியம் முடித்துவிட்டு, விசாரணைக் காகிதத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறாள். வைரக்கண்ணு அண்ணன் வீட்டை ஒட்டிய கொட்டகையில் தங்கியிருக்கிறாள். ஆயிரத்து நானூறு வாத்தில் அறுநூறு போலக் கீழ்க்கரையில் ஒதுங்கியவற்றை ஊர்க்காரர்கள் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கொட்டகைக்குப் பின்னால் வலைக்குள் கிடக்கின்றன.

நான் போனபோது ஓர் அலுமினியக் குண்டானில் தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முழங்கையால் ஸ்டூலை நகர்த்தினாள். "ஒக்காரும்மா. நீ வரலியேன்னு நெனச்சேன். ஊரே சொல்லுது, உனக்கும் மனசு ஒடைஞ்சுபோச்சுன்னு."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கம்பெனி முன்கூட்டியே எழுதியது. நிறுத்தப்போகிற தேதியும் எனக்குத் தெரியும். நான் யாருக்கும் சொல்லவில்லை. எண் வராதபோது பழைய எண்ணே நிற்கும்படி செய்தது நான். அது பழசு என்று காட்டும் வரியை எடுத்ததும் நான். வரிசையாக, வகுப்பில் சொல்வது போலச் சொல்லிவிட்டேன். வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

அவள் கை தவிட்டுக்குள் அப்படியே நின்றது.

"அப்போ அவரு பாத்தாரே, அன்னிக்கு. அதுல இன்னா இருந்துச்சு?"

"ஆயிரத்து இருநூறு. பச்சை."

"நெசமா எவ்ளோ?"

"முப்பத்தெட்டாயிரம்."

"முப்பத்தெட்டாயிரம்" என்று அவளும் சொன்னாள். வாத்துகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் கரைல நின்னு கூப்டேம்மா. பேரு சொல்லிக் கூப்டேன், கட்டின நாள்லேருந்து கூப்டாத பேர. எம் பேச்சக் கேக்கல. உன் போன நம்புனாரு" என்றாள்.

காலில் விழப் போனேன். சட்டென்று எழுந்து பின்னால் போய்விட்டாள். தவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு, "வேணாம். அதெல்லாம் பண்ணாத. அதப் பண்ணிட்டு நீ ஊட்டுக்குப் போயி தூங்கிடுவ" என்றாள்.

வைரக்கண்ணு அண்ணன் வாசலில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். உள்ளே போனார்.

"அந்த ஆபீசுல எழுதிக்கினாங்களே, அதுல இதச் சொன்னியா?" என்றாள் அஞ்சலாட்சி.

"இல்ல."

"அங்க போயி சொல்லு. எனக்குச் சொல்லி இன்னா ஆவும்?"

நவம்பர் 3

கரைமணியை நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும் அறிவிப்பு போயிற்று. என்ன நடந்தது, ஏன் நம்பக்கூடாது என்று ஒளிக்காமல் எழுதினேன். அக்டோபர் எட்டாம் தேதி எழுதிவைத்த அறிவிப்பு அப்படியே கிடந்தது. அதில் ஒரே ஒரு வரி.

வந்த பதில்களை ஒரு மணி நேரம் படித்தேன். பிறகு அவர் வந்து போனை வாங்கி வைத்துவிட்டார்.

நவம்பர் 4

காலையில் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். வாட்ச்மேன் வேலைக்கு வந்துவிட்டார், நெற்றியில் கட்டோடு. யார் என்று தெரிந்ததும் கேட்டைத் திறக்காமல் நின்றார். மன்னிப்புக் கேட்டேன். "உள்ள யாரும் இல்லைங்க" என்றார். அவரிடம்தான் கேட்டேன் என்பது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

முதல்வர் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார். அவர் முகத்தில் அருவருப்பு இல்லை. பயம்தான் இருந்தது.

நவம்பர் 5

தாசில்தார் அலுவலகத்துக்கு அவரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். அஞ்சலாட்சியை நான் கூப்பிடவில்லை. வைரக்கண்ணு அண்ணனோடு அவளே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

தாசில்தாரிடம் முழுவதையும் சொன்னேன். மெயிலின் நகலும், சர்வர் பதிவும், செப்டம்பர் ஒன்பதாம் தேதி மாற்றிய நிரலும் கொடுத்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "வக்கீலைப் பாத்தீங்களா மேடம்?"

"இல்ல சார்."

"பாத்துட்டு வாங்களேன். ஒருநாள் தள்ளி எழுதிக்கலாம்."

"இன்னைக்கே எழுதிடுங்க சார்."

எழுத்தர் இளைஞர். பெயர் இனியன். இரண்டு மணி நேரம் எழுதினார். படித்துப் பார்க்கக் கொடுத்தார். 'தகவல் தடைபட்டதன் காரணமாகச் செயலியில் பழைய அளவு காணப்பட்டது' என்று ஓரிடத்தில் இருந்தது.

"தகவல் தடைபடும்னு தெரிந்தும் நான் மறைத்ததால்னு மாத்துங்க" என்றேன்.

"மேடம், இப்படி எழுதுனா கேஸ் உங்க மேலதான் நிக்கும்."

"மாத்துங்க தம்பி."

மாற்றினார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். எழுந்திருக்கும்போது வாசலில் அஞ்சலாட்சி நின்றிருந்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இந்தம்மா இன்னா சொல்லிச்சுன்னு எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள் தாசில்தாரிடம்.

அப்படி வழக்கமில்லை போலிருக்கிறது. இனியன் தாசில்தாரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

நான்கு பக்கம். அஞ்சலாட்சி சுவரில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். நானும் நின்று கேட்டேன். என் வார்த்தைகள்தான், வேறொருவர் குரலில். எங்கும் அவள் குறுக்கிடவில்லை. முடிந்ததும் இனியன் பக்கம் திரும்பினாள்.

"எறந்த நபர், எறந்த நபர்னு வருதே. அது அவரா?"

"ஆமாங்கம்மா. அப்படித்தான் எழுதுவோம்."

"அவருக்குப் பேரு இருக்குதுங்களே."

இனியன் மறுபடியும் தாசில்தாரைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, 'இறந்த நபர்' என்று இருந்த இடத்திலெல்லாம் கோடு கிழித்து, மேலே 'கன்னியப்பன்' என்று எழுதினார். பதினொரு இடம். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் நான் சுருக்கொப்பம் போட வேண்டியிருந்தது. அஞ்சலாட்சி மேஜைக்கருகில் வந்து, பேனா ஓடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எது அவரு பேரு?" என்று கேட்டாள்.

காட்டினேன்.